மொறிஸுக்கு ஏரியல் பூட்டிய கதை

"கதவு சாத்துப்படேல்லை, அண்ணை. ஏரியல் இடிக்குது."

கூரை விளிம்பில் கொளுவியிருந்த ஏரியலை அம்பலவாணர் அண்ணாந்து பார்த்தார். வேலணையில் பழைய மொறிஸ் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறவர். ஜேர்மனியிலிருந்து மச்சான் கார் றேடியோ ஒன்று அனுப்பியிருந்தான். அது பாடினால்தான் பிழைப்பு. போட்டிக்கு ஓடுகிற தியாகலிங்கத்தின் கார் பாடத் தொடங்கிய நாள்முதல், நயினாதீவுக்குப் போகிற சனமெல்லாம் குறிகட்டுவான் துறைக்கு அதிலேயே போய்வந்தது.

"கதவைப் பாட்டுக் கேக்கிறவை பிடிச்சுக்கொண்டு வரட்டும். முதல்ல பாடுதோ பாரும்."

மெக்கானிக் பஸ்ரியாம்பிள்ளை திருகினான். வேலை தொடங்க முன்னரே அம்பலவாணரின் மனைவி மீனலோசனி குசினிக்குள் கூப்பிட்டு, நண்டுக்கறியும் சோறும் போட்டு அனுப்பிய ஆள். றேடியோ கருவாடு பொரிகிறமாதிரி இரைந்தது.

"இடம் சரியில்லை, அண்ணை. மட்காட்டில துளை போடுவம்."

"துளையோ! எவ்வளவு பெரிசு?"

"ஏரியலின்ர கால் தடிப்புக்கு."

"கொஞ்சம் குறைச்சுப் போடுமன்."

"துளையில என்னண்ணை பேரம்?"

பேரம் தேவைப்படவில்லை. கறள் பிடித்த மட்காட் உள்ளங்கை அகலத்துக்குத் தானே கழன்று விழுந்தது. ஏரியல் கூரை நடுவில் துளை போட்டு ஏறியது. கருவாடு பொரிவது மட்டும் நிற்கவில்லை.

அடுத்த நாள் மழை. பின்சீற்றிலிருந்த இராசநாயகம் வாத்தியார் நனைந்த வேட்டியைப் பிழிந்தபடி கேட்டார்: "அம்பலவாணர், வெளியில மழை விட்டிட்டுது. உள்ளுக்கு எப்ப விடும்?"

வீட்டுக்கு வந்த அம்பலவாணர் காரைவிட்டு இறங்கவில்லை. மீனலோசனி தேத்தண்ணியோடு வந்து, முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி இருந்தாள்.

"அது ஹயர்காரர் இருக்கிற இடமெல்லே!"

முன்சீற் காசு தந்து ஏறுகிற ஹயர்காரருக்குத்தான் என்பது கலியாணம் கட்டிய நாள்முதல் அவர் சட்டம். கோயிலுக்கும் அவள் பஸ்ஸில்தான் போய்வந்தாள்.

"இப்ப எந்த ஹயர்காரர் நிக்கினம்? இதென்ன, ஒரு வயர் தொங்குது?"

பிடித்தாள். பாட்டு அலறிக்கொண்டு வந்தது. விட்டாள், கருவாடு. பிடித்தாள், பாட்டு.

"மீனா! கையை எடாதையும்!"

மறுநாள் தொட்டு நல்ல சேலை உடுத்து முன்சீற்றில் அவள் வந்தாள். கார் பாடியது. தியாகலிங்கத்தின் ஆட்கள் திரும்பி வந்தார்கள். பின்னுக்கு இருந்தவர்கள் அவளுக்கு வறுத்த கச்சான் கடலை நீட்டினார்கள். அவள் எல்லாப் பாட்டும் பாடமென்பதும், சிரித்தால் கன்னத்தில் குழி விழுமென்பதும் அம்பலவாணருக்கு இப்போதுதான் தெரியவந்தது.

ஒரு பின்னேரம் சாட்டிக் கடற்கரையில், ஹயர் ஒன்றும் இல்லாமலே காரை நிறுத்தினார்.

"மீனா, நீர் இல்லாட்டி நான் தியாகலிங்கத்திட்டக் கார் கழுவப் போயிருப்பன். றேடியோ அனுப்பின மச்சானுக்கு நன்றி. அதுக்குப் பிறகு உமக்கு."

"முன்னுக்கு மச்சானோ?"

"இல்லையில்லை, முன்னுக்கு எப்பவும் நீர்தான். பொறும், ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வாறன்."

தனக்கொன்று, வயர் பிடிக்காத அவளின் மற்றக் கைக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு, மனம் குளிர்ந்து திரும்பினார். காரடியில் ஒரு சைக்கிள் சாத்திக் கிடந்தது. முன்கதவு யன்னலில் குனிந்து நின்ற பஸ்ரியாம்பிள்ளையின் குரல் கேட்டது:

"அக்கா, அண்டைக்கு நண்டுக்கறிக்குக் கழட்டித் தந்த ஏரியல் வயரின்ர ஆணி உங்களிட்டத்தானே கிடக்கு? திருப்பிப் பூட்டிவிடட்டோ, இல்லாட்டி இன்னும் கொஞ்ச நாள் முன்னுக்கே இருக்கப் போறியளோ?"