கதவுக்கு நீ, எனக்கு நீங்கள்

யேனா, மார்ச் 1879

மரியாதைக்குரிய அடெல்ஹைட் அத்தைக்கு,

ஓட்டிலி பணிவோடு எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவின் முதுகு மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வைமாரில் உங்கள் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மருந்துக்கடை ஸ்டோல்ப் அவர்கள் என்னைப் பெண் கேட்டதற்கு என்ன பதில் என்று கேட்டிருந்தீர்கள். சம்மதம் என்றே சொல்லிவிடுங்கள். டாக்டர் தீஸனுக்காக நான் காத்திருந்தது போதும். ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து, அடுத்த வாரம் புறப்படுகிறார். இன்னும் பெண் கேட்கவில்லை.

காந்த ஊசியை வருடக்கணக்கில் உற்றுப் பார்த்து, எல்லாப் பொருளுக்கும் உணர்வு உண்டு என்று கண்டுகொண்டவர் அவர். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்து நானே கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் அத்தை, மனிதர் வீட்டுக்கு வந்தால் கதவிடம் "நல்லா இருக்கியா?" என்கிறார், உட்காருமுன் நாற்காலியிடம் "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்கிறார், போன வியாழன் அப்பா இரும்பு அடுப்பில் கால் இடித்துக்கொண்டு அலறினால் இவர் ஓடிப்போய் அடுப்பைத் தடவிக் கொடுக்கிறார், எனக்கு மட்டும் மரியாதையாக "நீங்கள், ஃப்ராய்லைன் ஓட்டிலி"! ஒரு ஆண் நம்மை 'நீ' என்றுவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? நேற்று காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து மெதுவா, "களைச்சுப் போயிட்டியா? இரு, நான் பிடிச்சுக்கறேன்"னு குரல். கெண்டியை அப்படியே நீட்டிட்டேன். திரும்பிப் பார்த்தா, சாய்ஞ்சிருந்த படத்தைச் சுவத்துல நிமிர்த்திட்டிருக்கார்! அப்பா சொல்றார், "பேசாம அலமாரிக்குள்ள போய் நில்லு, கண்டிப்பாப் பொண்ணு கேப்பான்." இதுக்கு மேல என்னால முடியாது, அத்தை.

ஸ்டோல்ப் அவர்களுக்கு என் வணக்கம். உங்கள் கைகளில் முத்தமிட்டு, உங்கள் ஆசியை வேண்டி,
ஓட்டிலி

பி.கு.: ஸ்டோல்ப் அவர்களிடம் தயவுசெய்து வாயே திறக்காதீர்கள்! உறை ஒட்டும் நேரத்தில் டாக்டர் விடைபெற வந்துவிட்டார். "உங்கள் வீட்டுப் படிக்கட்டை ரொம்பத் தேடுவேன்" என்றார். படிக்கட்டை! "கல் மனசு உங்களுக்கு!" என்று கத்திவிட்டேன். மனிதர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தொப்பி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கல்லுக்கு மனசு இருக்குன்னு நீ ஒத்துக்கிறியா?" என்றார்.

நீ!

பக்கத்து அறையிலிருந்து அப்பா, "ஒத்துக்கிறேன்னு சொல்லித் தொலையேன், ஓட்டிலி!" என்றார்.

சொல்லிவிட்டேன், அத்தை.