தாலியோடு நிற்கும் மாப்பிள்ளைக்கு

பிடோக் நார்த், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை சக்தி அவர்களுக்கு,

மாமனார் சேதுபதி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை சாமுண்டீஸ்வரியும், முழங்கால்கள் நீங்கலாக, சுகம். பெர்த்தில் நீங்களும் எங்கள் மகள் இளமதியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க முருகன் துணை செய்வானாக. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள், ஆகவே கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம், விமானம் ஏறுவதற்கு முன்பு குண்டு விழுந்தால் ஒளிய அரசாங்கம் கட்டித்தந்து, நாங்கள் மளிகை அடுக்கியிருக்கும் எங்கள் வீட்டு பாம் ஷெல்டர் அறையில் நீங்கள் வைத்துவிட்டுப் போன கறுப்புப் பெட்டி. "மாமா, இதுக்குப் பேரு மீடியா சர்வர். கல்யாண வீடியோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. டிவியில பேரை அமுக்கினா ஓடும், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்லா" என்றீர்கள். ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன். ஆனால் தினமும் மத்தியானம் உங்கள் அத்தை கல்யாண வீடியோவைப் போடுகிறாள், நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தால் படம் அசையாமல் நிற்கிறது. எந்த இடத்தில் தெரியுமா? நீங்கள் தாலியை எடுத்து இளமதியின் கழுத்தருகே கொண்டுபோகிற இடத்தில். ரிமோட் மடியில், கண் டிவியில், உங்கள் அத்தையும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். "நின்னுடுச்சா?" என்று கேட்டால், "நின்னுடுச்சுங்க" என்கிறாள். நீங்கள் அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள், எங்கள் டிவியைப் பொறுத்தவரை உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

இளமதி போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது, மாப்பிள்ளை. உங்கள் அத்தைக்கு இப்போது அந்த வீடியோதான் மகள். அதுவும் பாதியில் நின்றால் அவள் மனசு என்ன பாடுபடும்? எனக்குத் தாங்கவில்லை. முழுக் கல்யாணத்தையும் அவளைப் பார்க்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். உங்களிடம் கேட்பதில்லை என்றும் கூடவே முடிவு செய்தேன்.

முதலில் பாம் ஷெல்டர் கதவைத் திறந்தேன். அரிசி மூட்டைக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவே பெட்டி ஜுரம் வந்த மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்ததில் குற்றவாளி அகப்பட்டான்: டிரான்ஸ்கோட். டிவிக்குப் புரியாத வீடியோவைப் புரிகிற வகைக்கு மாற்றித் தருகிற வேலை. ஓய்வு பெறும்வரை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாட்சிக்கு ஆங்கிலம் தெரியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். உங்கள் பெட்டி அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. எங்கள் பழைய டிவிக்கு நன்றாகவே புரிகிற எச்.264 வீடியோவையும் மாற்றுகிறது, புரியாத எச்.265 வீடியோவையும் மாற்றுகிறது, தமிழைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டு மூச்சு வாங்குகிறது.

சரி, மாற்றவே வேண்டாம் என்று எல்லா டிக்கையும் எடுத்தேன். இளமதியின் பள்ளிக்கூட நடனம் அருமையாக ஓடியது, ஏனென்றால் அது 264. கல்யாண வீடியோ 265 ஆயிற்றே, திரை முழுக்க இருட்டு, உள்ளே நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது, யாரோ "ஐயர் எங்கப்பா?" என்று தேடுகிறார். "கரண்டு போன மண்டபத்துல கல்யாணம் பண்ணின மாதிரி இருக்குங்க" என்றாள் உங்கள் அத்தை. மறுநாள் டிக்கை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, மாற்றவேண்டியதை விட்டுவிட்டு மாற்றக்கூடாததை எல்லாம் பெட்டி மாற்றத் தொடங்கி, அந்தச் சூட்டில் பக்கத்தில் வைத்திருந்த, நீங்கள் அனுப்பிய சாக்லெட் பாயசமாகிவிட்டது. பழையபடி எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன், பழையபடி நீங்கள் தாலியோடு நின்றீர்கள். சூடுதான் காரணம் என்று ஜாலான் புசாருக்குப் போய் ஒலி முகம்மதுவின் எலக்ட்ரிக் கடையில் ஒரு சின்ன ஃபேன் கேட்டேன். "எதுக்கு அங்கிள் இந்தப் பாடு? புது டிவி வாங்கிட்டா பெட்டி எந்த வீடியோவையும் மாத்த வேணாம், ஃபேனும் வேணாம்லா" என்றார். அறிவுரை கேட்கவில்லை, ஃபேன்தான் கேட்டேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். ஷெல்டரின் இரும்புக் கதவைச் சாத்தினால் வைஃபை வெளியே வரவில்லை, திறந்து வைத்தால் ஃபேன் காற்றில் வாய் கட்டாத மிளகாய்த்தூள் பாக்கெட் ஹாலுக்கு வந்துவிட்டது. அன்று எங்கள் தும்மலைக் கேட்டு எதிர்வீட்டு சீன அம்மா இருமல் மருந்தோடு வந்து நின்றார். நான் அசரவில்லை.

நேற்றுதான் வென்றேன். 265-க்கு மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு என்று ஒரே ஒரு டிக். மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து, ரிமோட்டை நானே கையில் வைத்துக்கொண்டு உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். தாலி கழுத்தருகே வந்தது. "இருங்க, அதை இங்க கொடுங்க" என்று கை நீட்டினாள். "பேசாம பாரு" என்றேன். கெட்டிமேளம் கொட்டியது, மூன்று முடிச்சும் விழுந்தது, அட்சதை விழுந்தது, விருந்து முடிந்தது, நீங்கள் இருவரும் காரில் ஏறிப் போகும்வரை ஒரு விக்கல் இல்லை. உங்கள் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர். என் உழைப்புக்கு வேறென்ன வேண்டும்? இனி நீங்கள் பெட்டி எதையாவது அமைத்தால் முதலில் என்னைக் கலந்துகொள்ளவும்.

தாலி கட்டி முடித்த மாப்பிள்ளைக்கும் எங்கள் செல்வத்துக்கும் எல்லா நலனும் வளமும் சேர, எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
சேதுபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அத்தை இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அது எங்கேங்க தானா நின்னுச்சு? நான்தான் தினமும் நிறுத்தி வைப்பேன். தாலி ஏறிட்டா அப்புறம் பிள்ளை கார்ல ஏறிடுவா. அதுக்கு முன்னாடி வரைக்கும் அவ நம்ம வீட்ல இருக்கிறவ. அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்." ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் இப்பத்தான் ஒரு வேலையில மும்முரமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றாள். ரிமோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஆகவே இன்று மத்தியானத்திலிருந்து நீங்கள் மறுபடியும் தாலியோடு நிற்கிறீர்கள், கை வலித்தாலும் பொறுத்துக்கொள்ளவும். தீபாவளிக்கு இளமதியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தாலியைக் கட்ட விடுகிறோம்.