சுயம்புராஜின் முன் ஃபோர்க்

இனிமேல் இந்த வீட்டில் ஒரு விஷயத்திலாவது தன் பேச்சுதான் நிற்க வேண்டும் என்று சுயம்புராஜ் உறுதி எடுத்துக்கொண்டார். உறுதி எடுத்தபோது மனைவி முத்துக்கனி வீட்டில் இல்லை. ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

விஷயம் பைக்தான். பூதப்பாண்டியில் அதைவிடப் பழைய பைக் ஒன்று உண்டென்றால் அது காயலான் கடையில் கிடக்கும். ஆனாலும் திருகினால் போகும், பிடித்தால் நிற்கும். அவர் சொன்னதைக் கேட்கிற பொருள் என்று அந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. அதை விற்கச் சொல்லி முத்துக்கனி ஆவணியிலிருந்து ஓதிக்கொண்டிருந்தாள்.

"அந்த சவத்துல ஏறி இருந்து வந்தா எனக்கு நடுமுதுகு நொடியுது. ஒவ்வொரு குழியும் உச்சந்தலையில வந்து இடிக்கு. வித்துப்போட்டு மின்சார ஸ்கூட்டர் ஒண்ணு வாங்குங்க. நான் ஓட்டுதேன். நீங்க பின்னால இருந்தாப் போதும்."

பின்னால் இருந்தால் போதும். அதுதான் அவர் நெஞ்சில் தைத்தது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றிலும் அவர் பின்னால்தான். ரோட்டில் மட்டும் முன்னால். அதுவும் போய்விட்டால் மனிதன் எதற்கு ஹெல்மெட் போட வேண்டும்?

"முன்பக்கந்தான் கோளாறு. வீலத் தாங்குத ஃபோர்க்கையும், ஹேண்டில் திரும்புத கோன் செட்டையும் மாத்திட்டா மெத்தையில இருக்க மாதிரி இருக்கும்" என்றார்.

"யாரு மாத்துவா?"

"நான்தான்."

முத்துக்கனி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"மாத்திட்டு என்னையப் பின்னால வச்சு ஒருநா ஓட்டிக் காட்டுங்க. எனக்கு நடு வலிக்கலன்னா வண்டி இருக்கட்டும். வலிச்சா விக்கணும். ஒப்பந்தமாக்கும்."

"ஒப்பந்தம்" என்றார் சுயம்புராஜ்.

நாகர்கோவிலில் பழைய சாமான் கடையில் ஒரு பெரிய பைக்கின் ஃபோர்க் ஜோடி கிடைத்தது. வேலையைச் செல்போனில் பார்த்துப் படித்தார். ஒரு வெள்ளைக்காரன், பனியில் சறுக்கி ஓடுகிற வண்டியின் முன்பக்கத்தைத் தன் வீட்டு ஷெட்டிலேயே கழற்றி, புது ஷாக் அப்சார்பரும் ஸ்டியரிங் கம்பியும் மாட்டினான். அவன் பெண்டாட்டி பக்கத்திலேயே வரவில்லை. அதைப் பார்க்கவே சுயம்புராஜுக்கு நிறைவாக இருந்தது. நடுவில் எண்ணெயைக் காட்டி, குளிர், குளிர் என்று அவன் ரொம்ப நேரம் பேசினான். அந்த இடத்தைத் தள்ளி ஓட்டிவிட்டார். நமக்கு எங்கே பனி?

கார்த்திகை மாதம் முற்றத்தில் வேலை நடந்தது. பழைய கோன் செட்டைத் தட்டினார்; உள்ளிருந்த இரும்புக் குண்டுகள் எல்லாம் கோழிக்கூட்டுப் பக்கம் ஓடின. புதியதை மாட்டினார். கடைசியில் ஒரு குண்டு கையில் மிஞ்சியது. மிச்சம் பிடித்ததும் நல்லதுதான் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக் குமாரதாஸ் மதில்மேல் கையை ஊன்றி நின்று பார்த்தார்.

"ஓய், ஹேண்டில் நேராத்தான் இருக்கு. வீலு என்னத்துக்குத் தாழக்குடியப் பாத்து நிக்கு?"

"அது சரியாயிரும் வே."

"வண்டியா, ரோடா?"

அந்த எரிச்சலில் திரும்பியபோது கால் தட்டி, ஃபோர்க்கில் ஊற்ற வாங்கி வைத்திருந்த எண்ணெய் டப்பா கவிழ்ந்தது. மண் அத்தனையையும் குடித்தது. இன்னொரு டப்பாவுக்கு நாகர்கோவில் போனால் முத்துக்கனி ஏன் என்று கேட்பாள். சுயம்புராஜ் யோசித்தார். அடுக்களையில் சொந்தத் தோப்புத் தேங்காய் ஆட்டிய எண்ணெய் இருந்தது. தலைக்கு அதுதான், மீனுக்கு அதுதான், மூட்டுவலிக்கு அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான். ஃபோர்க்குக்கு மட்டும் ஆகாதா?

ஊற்றினார். உச்சிவெயிலில் தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்தார். வண்டி மிதந்தது. குழி இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே வந்தபோது முத்துக்கனி எண்ணெய்க் குப்பியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதியக் காணலியே?"

"தலைக்குத் தேச்சேன்."

அவள் அவர் தலையைப் பார்த்தாள். அங்கே தேய்க்க இடம் நிறைய இருந்தது, முடிதான் இல்லை. வேறொன்றும் கேட்கவில்லை.

"வண்டி ரெடியாச்சுட்டி. இப்பவே ஏறு, ஓட்டிக் காட்டுதேன்."

"இந்த வெயிலுலயா? மார்கழி முதல் ஞாயித்துக்கிழம விடியக்காலம் தாங்கலுக்குப் போவோம். ஐயா சந்நிதியில வச்சு முடிவு பண்ணிக்கிடலாம்."

அவர்கள் ஐயாவைக் கும்பிடப் போகும் தாங்கல் அடுத்த ஊரில். விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும். இவள் ஒப்பந்தம் பேசத் தெரியாதவள் என்று அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிறு மலையிலிருந்து காற்று இறங்கி ஊரே விறைத்துக் கிடந்தது. முத்துக்கனி போர்வையை நாலாக மடித்துச் சீட்டில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இது என்னத்துக்கு?"

"குளுருது."

முதல் வேகத்தடையில் கடப்பாரையால் பாறையைக் குத்தியதுபோல் ஒரு அடி. ஹேண்டில் வழியாக மணிக்கட்டு, முழங்கை, தோள், பல் என்று வரிசையாக ஏறியது. ஃபோர்க் ஒரு இம்மிகூட இறங்கவில்லை. இரண்டாவதாக வந்த குழியில் நடுமுதுகில் ஏதோ இடம் மாறியது. மூன்றாவதில் அவருக்குப் பேச்சு நின்றது.

பின்னாலிருந்து முத்துக்கனி பையச் சொன்னாள்:

"காலையில குப்பியக் கவுத்தேன், ஒரு சொட்டு எண்ண விழல. கட்டியாட்டு ஒறஞ்சு கெடக்கு. மார்கழின்னா எப்பவும் இப்படித்தான். கேட்டியளா?"

சுயம்புராஜுக்குக் கேட்டது. வண்டிக்குள்ளும் அதுதான் கிடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அதற்குமேல் அவர் எதையும் நம்பவில்லை. தாங்கலை மட்டும் எதிர்பார்த்துப் போனார்.

தாங்கல் வாசலில் முத்துக்கனி குதித்து இறங்கினாள். அவரால் இறங்க முடியவில்லை. காலைத் தூக்கச் சொன்னால் இடுப்பு மறுத்தது.

"எனக்கு நடு வலிக்கல. ஜெயிச்சிட்டிய. வண்டி இருக்கட்டும்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

"கும்பிட்டுட்டு இதுலயே கடுக்கரைக்குப் போயி அக்காளப் பாத்துட்டு வருவோம். அந்த ரோட்டுல இப்ப குழி வெட்டிப் போட்டிருக்காவளாம்."

"முத்துக்கனி, வேண்டாம்."

"நாளைக்கும் விடிய வரணும். மார்கழி பூராவும் வரணும்."

"இத வித்துரலாம்ட்டி."

"அது எப்படி? ஒப்பந்தம் ஒப்பந்தமாக்கும். நீங்க ஆசப்பட்டு வச்ச வண்டி."

"எனக்கு ஆசயே இல்ல."

"பின்ன நாளைக்கு நான் விக்கச் சொன்னேன்னு சொல்லுவிய."

"சொல்ல மாட்டேன். ஐயா மேல ஆண. நாந்தான் விக்கச் சொல்லுதேன். நீ ஸ்கூட்டரு வாங்கு. நான் பின்னாலயே இருக்கேன்."

முத்துக்கனி பெருமூச்சு விட்டாள். "ஒங்க பிடிவாதத்துக்கு நான் என்ன செய்ய" என்றபடி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சுயம்புராஜ் எப்படியோ இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

குமாரதாஸ் அன்று மத்தியானமே, வாங்கலாமா என்று பைக்கை ஓட்டிப் பார்க்க வந்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஓய், முன்னால பூப்போல இருக்கு வே. சின்ன அசைவுகூடத் தெரியல. இதப் போயா விக்கீரு?"

கட்டிலில் கவிழ்ந்து கிடந்த சுயம்புராஜ் வாயைத் திறப்பதற்குள், முதுகில் சூடான தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த முத்துக்கனி சொன்னாள்:

"நான் எவ்வளவோ வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன் அண்ணே. அவியதான் வித்தே தீரணும்னு ஒத்தக்கால்ல நின்னாவ."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைத்தான் சுயம்புராஜால் தாங்க முடியவில்லை.