நடைபாதை நாட்டாமையின் நான்கு கம்பங்கள்

இந்த உலகத்தில் நடக்கிறவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. காலை எடுத்து வைக்கிறார்கள், போய்ச் சேருகிறார்கள், அவ்வளவுதான். நாம் இப்போது பார்க்கப்போவது நடைபாதை நாட்டாமை என்கிற தனி ரகத்தை. இந்த ரகம் நடைபாதையில் நடப்பதில்லை. நடைபாதையை ஆள்கிறது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பாதையின் நட்ட நடுவில் போவார். வெயிலோ மழையோ, கையில் குடை உண்டு. அந்தக் குடை ஊரார் குடையைப் போல அடக்கமாகக் கீழே தொங்காமல், ரயில்வே கேட் மாதிரி குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் சைக்கிள் மணி ஒருமுறை அடித்தால் அவருக்குக் காது கேட்காது. இரண்டாம் முறை அடித்தால் நடை பாதியாகக் குறையும். மூன்றாம் முறையும் அடித்தால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார், வாரே இல்லாத செருப்பாக இருந்தாலும். அப்புறம் நிதானமாக நிமிர்ந்து, திரும்பி, முன்சக்கரத்தை ஒரு பார்வை, கைப்பிடியை ஒரு பார்வை, கடைசியாகத்தான் ஆளின் முகத்துக்கு வருவார். "நடைபாதைன்னு எதுக்குங்க பேர் வச்சாங்க?" என்று கேட்பார். பதில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

நமக்குக் கிடைத்திருக்கும் மாதிரி, ஒரு தையற்காரர். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் தெருவில் அவருக்கு 'இஞ்ச் டேப்' என்று பெயர். முப்பது வருஷத் தொழில். இந்த முப்பது வருஷத்தில் ஒரே ஒரு ஆள்கூடத் துணியைத் திருப்பிக் கொண்டுவந்து 'இறுக்குகிறது' என்று சொன்னதில்லை. அதன் சூட்சுமம் அவருடைய அளவு நோட்டில் இருக்கிறது. உடம்பின் அளவை நீல மையில் எழுதுவார். உடனே பக்கத்தில் இரண்டு அங்குலம் கூட்டி, வெட்ட வேண்டிய அளவைச் சிவப்பு மையில் எழுதி வட்டம் போடுவார். கத்தரி பார்ப்பது சிவப்பு வட்டத்தை மட்டும்தான். தைத்து முடித்ததும் வாடிக்கையாளரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, "எங்கயாவது இறுக்குதா?" என்று கேட்பார். இல்லை என்ற பதிலைக் கேட்டால்தான் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

கடை வாசலில் கோட்டு மாட்டிய ஒரு பொம்மை உண்டு. அது நிற்பது நடைபாதையில். ஒன்றரை அடி இடத்தை அடைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் தோளால் இடித்துக்கொண்டு நிற்கிறது. இதென்ன நியாயம் என்று யாராவது கேட்டால், பொம்மை நிற்கிறதே தவிர ஓடவில்லையே என்பார். யோசித்துப் பார்த்தால் உண்மைதானே? பொம்மை இதுவரை யார் பின்னாலும் மணி அடித்ததில்லை.

மணி அடித்த கதைக்கு வருவோம். எட்டு மாதத்துக்கு முன்னால், பதவி உயர்வு கிடைத்த ஒரு வங்கி மேலாளருக்காகத் தைத்த தும்பைப்பூ வெள்ளைக் கோட்டை ஹேங்கரில் மாட்டி, குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நம்மவர் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். சரியாகக் காதுக்குப் பின்னால் 'ட்ரிங்' என்றது. நம்மவர் ஒரு முழம் எகிறினார். கோட்டு இரண்டு முழம் எகிறியது. அவர் நடைபாதையில் இறங்கினார், கோட்டு சேற்றுக் குட்டையில் இறங்கியது. யாரடா அவன் என்று திரும்பினால், சைக்கிளில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

இந்த மைத்துனர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் பிறத்தியாரைச் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டுகிறவர், வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையில் மட்டும் தன் பங்குச் சத்தத்தை மொத்தமாகப் போட்டுத் தீர்த்துக்கொள்வார். அவர் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. சாலையில் போனால் லாரிக்காரன் உரசுகிறான், பஸ்காரன் ஓரங்கட்டுகிறான், உயிர் வேண்டுமென்றால் நடைபாதைக்குத்தான் ஏற வேண்டும், ஏறினால் மணி அடிக்க வேண்டும், அடிக்காமல் வந்து இடித்தால் மட்டும் நல்லாவா இருக்கும் என்பது அவர் கட்சி. மன்னிப்பும் கேட்டார். ஆனால் கேட்கும்போது கோட்டைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

அன்றைக்கே நம்மவர் வீட்டில் சபதம் செய்தார். "உன் தம்பி அந்த நடைபாதையில சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கிட்டு நடந்து வரட்டும். அன்னிக்குத்தான் அவன்கூடப் பேசுவேன்." தம்பியோ, இறங்குவதாயில்லை என்று சொல்லியனுப்பினார். ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரும் வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. தம்பிக்கு உள் அறையில் இலை, புருஷனுக்கு வாசல் அறையில் தட்டு. எட்டு மாதம். "ஒரே அடுப்புல சமைச்சதை ரெண்டு ரூமுக்குத் தூக்கிட்டு ஓட எனக்கென்ன நாலு காலா இருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டதற்கு வாசல் அறை ரசம் கேட்டது, உள் அறை மோர் கேட்டது. அடுப்படியில் நின்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது உண்மை.

நாட்டாமை என்றால் மனுப் போடாமல் இருப்பாரா? நகராட்சிக்கு ஒன்று போட்டார், இரண்டு போட்டார், ஆறு போட்டார். நடைபாதையின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு இரும்புக் கம்பங்கள் நட வேண்டும், மனிதன் நுழையலாம், சைக்கிள் நுழையக் கூடாது. ஏழாவது மனுவுக்குப் பதில் வந்தது. நடுகிறோம், வியாழக்கிழமை பொறியாளர் வருவார், கம்பங்களுக்கு நடுவே எத்தனை அங்குலம் இடைவெளி தேவை என்பதை அளந்து வைக்கவும்.

அளந்து வைக்கவும். யாரிடம் போய்ச் சொல்கிறார்கள் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் உள்ளே இலையில் உட்கார்ந்த நேரம் பார்த்து, நம்மவர் பூனை மாதிரி வாசலுக்கு வந்தார். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. கழுத்திலிருந்து நாடாவை உருவினார். கைப்பிடியின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை பிடித்தார். தொழில் புத்தி போகுமா? "நேரா நில்லு, தோளைத் தளர விடு" என்று சைக்கிளிடம் மெல்லச் சொல்லவும் செய்தார். நோட்டைத் திறந்து நீல மையில் எழுதினார்: மைத்துனர் சைக்கிள், கைப்பிடி, இருபத்து நான்கு. கை அதோடு நிற்கவில்லை. முப்பது வருஷத்துக் கை. பக்கத்திலேயே சிவப்பு மையில் இருபத்தாறு என்று எழுதி, அழகாக ஒரு வட்டமும் போட்டுவிட்டு, நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை பொறியாளர் அம்மா வந்தார். எதில் வந்தார் என்கிறீர்கள்? சைக்கிளில். அதுவும் நடைபாதை மேலே. அரசாங்கக் காரியம் என்பதால் நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்பு வாரைச் சரிசெய்யாமல் விட்டார். குழந்தைகளைத் தள்ளிப் போகும் வண்டி நுழைய வேண்டுமே என்று அந்த அம்மா கேட்டார். அதெல்லாம் தாராளமாக நுழையும் என்று சொல்லி நம்மவர் நோட்டைத் திறந்தார். கண் நேராகச் சிவப்பு வட்டத்துக்குப் போனது. "இருபத்தாறு அங்குலம்" என்றார்.

பொறியாளர் அம்மா தன் சைக்கிளை ஒரு தரம் பார்த்தார். நம்மவரை ஒரு தரம் பார்த்தார்.

"இருபத்தாறா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அம்மா, நான் முப்பது வருஷமா அளவெடுக்கிறேன்."

அதற்குமேல் அவர் ஏன் பேசப் போகிறார்? எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு வாரத்தில் மஞ்சள் வண்ணமடித்த நான்கு கம்பங்கள் முளைத்தன. திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, நூலகத்துக்குப் போகும் மைத்துனர் அந்த முனைக்கு வந்துசேரும் நேரத்தில், நம்மவர் சலவைச் சட்டையும் குறுக்குக் குடையுமாகக் கம்பத்துக்கு உள்பக்கம் நின்றார். மருந்துக்கடைக்காரரும் வாட்ச் ரிப்பேர்க்காரரும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நம்மவர் மனைவியும் வந்துவிட்டார். முந்தின நாள்தான் அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக ஒரே ஒரு நாள் இறங்கி நடந்துவிடு, உங்கள் சண்டையில் என் வீடு இரண்டாகிப் போச்சு என்று கேட்டிருந்தார். தம்பியும் சரியென்று தலையாட்டியிருந்தார். இது நம்மவருக்குத் தெரியாது. ஜெயிக்கப் போகிறோம் என்பதைவிட, எட்டு மாதத்துக்கு அப்புறம் பேசப் போகிறோம், முதலில் என்ன பேசுவது என்ற கவலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவன் பக்கத்தில் உட்காராமல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவருக்கு ருசிக்கவே இல்லை.

மைத்துனர் வந்தார். பின்னால் நூலகப் புத்தகக் கட்டு. கம்பத்துக்குப் பத்தடி முன்னால் வேகத்தைக் குறைத்தார். சொன்ன சொல் தவறாமல் ஒரு காலைப் பெடலிலிருந்து எடுத்தார். அக்காவின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் மைத்துனரின் கண் கம்பங்களின் நடுவே போனது. இடைவெளியைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், மறுபடி இடைவெளியைப் பார்த்தார். எடுத்த கால் தானாகப் பெடலுக்குத் திரும்பியது.

சைக்கிள் உள்ளே வந்தது. கைப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம். உரசவில்லை, தட்டவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து நம்மவரின் குடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

நம்மவருக்கு நாக்கு நுனியில் ஏழு மனுக்களின் வாசகமும் தயாராக இருந்தது. நடைபாதைக்கு ஏன் அந்தப் பேர் என்ற கேள்வியும் இருந்தது. வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக, அளவாகப் பொருந்திய ஒன்றைக் கண்ணெதிரே பார்த்தால் அந்த வாயிலிருந்து என்ன வருமோ, அதுவே வந்தது.

"எங்கயாவது இறுக்குதா?"

மைத்துனர் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சைக்கிளை விட்டு இறங்கினார்.

"இல்ல மச்சான். அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாட்ச் ரிப்பேர்க்காரருக்குக் கண்ணில் தண்ணீர். நம்மவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, நீலத்தைப் பார்த்து, சிவப்பைப் பார்த்து, காது மடல் சிவக்க நின்றார். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். இறங்கினவர் இறங்கினபடியே சைக்கிளை உருட்டிக்கொண்டு, மச்சானோடு பேசிக்கொண்டே கடைவரைக்கும் நடந்தார். அந்த அம்மாள், இனி ஞாயிற்றுக்கிழமை ஒரே அறைதான் என்று உரக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். கடை வாசலில் சைக்கிளை நிறுத்தப் போனால் இடமில்லை. பொம்மை நின்றது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

இப்போது அந்த ஊரிலேயே சைக்கிள் போவதற்கு மிகவும் வசதியான நடைபாதை அதுதான். பக்கத்துத் தெருக்காரர்கள்கூடச் சுற்றிக்கொண்டு இந்த வழியாக வருகிறார்கள். நம்மவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். எட்டாவது மனு தயாராகிறது. இந்த முறை, சக்கரம் வைத்த செருப்பு மாட்டிக்கொண்டு வழுக்கிப் போகிறவர்களைப் பற்றி. வாசகத்தைத் திருத்திக் கொடுப்பது மைத்துனர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நான் அந்த ரகமில்லை என்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நடந்து போகும்போது பின்னால் மணி அடித்தால் 'கண்ணு தெரியலையா' என்றும், சைக்கிளில் போகும்போது முன்னால் மூன்று பேர் வரிசை கட்டி நடந்தால் 'காது கேக்கலையா' என்றும் முணுமுணுத்தது யார்? மேலே அந்தக் கம்பம் நடுகிற யோசனையைப் படித்தபோது, அட, நம் தெருவுக்கும் இப்படி நாலு கம்பம் இருந்தால் தேவலையே என்று ஒரு கணம் மனசுக்குள் தோன்றியதா இல்லையா? தோன்றியதென்றால் தாராளமாக மனுப் போடுங்கள். அளவு சொல்லும்போது மட்டும் எந்த மையில் எழுதியதைப் படிக்கிறீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.