மூன்று வங்கிகளில் தூங்கிய விவரம்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, தையல் இயந்திரம், பதினோரு மூட்டை பஞ்சு எல்லாரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி உங்களை விட்டுவிட்டு வேறு யாரிடமாவது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. எங்கள் தலையணைத் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவள் உறை தைத்து, பஞ்சு அடைத்து, வாயை மூடித் தைப்பாள். என் பொறுப்பு அதைவிடப் பெரிது. விற்கும் முன் ஒவ்வொரு தலையணையிலும் பத்து நிமிடம் படுத்துப் பார்த்து, கழுத்துக்கு இதமாக இருக்கிறதா என்று முடிவு சொல்வது நான்தான். போன மாதம் நர்ஸுகள் தங்கும் விடுதியிலிருந்து முந்நூறு தலையணை கேட்டார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி உங்கள் தங்கை பன்னிரண்டு வருடமாகப் போய்வந்த ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டாள். பிறகுதான் விடுதி மேலாளர் இன்னொரு சங்கதியைச் சொன்னார். பணத்தைத் தொழில் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில்தான் போடுவார்களாம். கணக்கு எண் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் வர வேண்டுமாம். வராவிட்டால் ஆர்டர் ரப்பர் தலையணைக்காரருக்குப் போய்விடுமாம். பணம் போட்டு வைக்க எங்களிடம் இருப்பது ஒரு பிஸ்கட் டப்பா மட்டும்தான் என்று உங்களுக்கு எழுதினேன். எந்த வங்கியானாலும் மாதக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு, காசோலைப் புத்தகம், வீட்டிலிருந்து தூரம், மேலாளரின் முகம் ஆகிய ஐந்தையும் விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று பதில் எழுதினீர்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளம்பினேன். கையோடு ஒரு மாதிரித் தலையணையும் எடுத்துக்கொண்டேன். தொழில் என்னவென்று கேட்டால் காட்ட வேண்டாமா?

முதலில் பெரிய வங்கி. தூண்களே நாலு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். டோக்கனில் எண்பத்து நாலு என்று போட்டிருந்தது, பலகையில் முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு நாற்காலி முதுகைக் குத்தியதால் மாதிரியை முதுகுக்குக் கொடுத்தேன். மேலே விசிறி மெதுவாகச் சுற்றியது. எங்கோ முத்திரை குத்தும் சத்தம் ஒரே தாளத்தில் கேட்டது. எண்களைக் கூப்பிடும் பெண் குரல் வரவரத் தூரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவ்வளவுதான் தெரியும். காவலாளி தோளைத் தொட்டு, "ஐயா, எழுந்திரிங்க. உங்க நம்பர் போயி அரை மணி நேரமாச்சு" என்றார். மறுபடி டோக்கன் எடுத்து ஒரு வழியாக விசாரித்தேன். கட்டணமும் உண்டு, குறைந்தபட்ச இருப்பும் உண்டு, ஆனால் நியாயமாகத்தான் இருந்தது. படிவத்தைப் பாதி நிரப்பி அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற வங்கிகளையும் பார்க்காமல் முடிவெடுத்தால் நீங்கள் கோபிப்பீர்களே.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி வங்கி. அங்கே நாற்காலியே இல்லை, சோபாதான். உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு நேரே வருகிறது. குளிர்ச்சியோ குளிர்ச்சி. என்ன சொல்ல, அங்கேதான் அந்த அம்மையாரைப் பார்த்தேன். என் எதிரில் உட்கார்ந்து அவ்வளவு தன்மையாகப் பேசினார். "உங்களுக்குக் கட்டணமே கிடையாது சார். இருப்பும் வேண்டாம். நீங்க தூங்குற நேரத்தைக்கூட இங்க போட்டு வைக்கலாம், எட்டு மணி நேரத்துக்கு அரை மணி வட்டி தர்றோம்" என்றார். அவர் பேசப் பேசக் கூரையிலிருந்து பஞ்சு ஒவ்வொன்றாக இறங்கி மேசையில் உட்கார்ந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை. என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை, மைத்துனரே. வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் தங்கை ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எழுதி வாங்குனீங்களா?" என்றாள். ஐந்தையும் எழுதினேனே என்று தாளை எடுத்துப் பார்த்தால் ஒரு எழுத்தும் இல்லை. பேனாவில் மை தீர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை செய்ததுதான் பெரிய தப்பு. நேரே பெரிய வங்கிக்குப் போய், "என்னங்க உங்க வட்டி, தூக்கத்துக்கு ஒண்ணும் தர மாட்டீங்களா?" என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டு, பாதி நிரப்பிய படிவத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்து அவர்கள் கூடையிலேயே போட்டேன். அங்கிருந்து ராஜநடையாகக் கண்ணாடி வங்கிக்கு வந்தேன். அந்த அம்மையாரே இருந்தார். நேற்றுச் சொன்ன கணக்கைத் தொடங்கலாம் என்றேன். "நேத்தா? நான் நேத்து லீவு சார்" என்றார். விட்டுவிடுவேனா? பஞ்சு விழுந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தினேன். மேலாளரே எழுந்து வந்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, சோபாவுக்கு எதிர்ச்சுவரைக் காட்டினார். சிறந்த ஊழியர் என்று அந்த அம்மையாரின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. முந்தின நாள் நான் தூங்கிப்போகும்முன் கடைசியாகப் பார்த்தது அந்தப் படத்தைத்தான். என் மானம் போயிற்று. அதைவிட வருத்தம், அவ்வளவு நல்ல வட்டி போயிற்று.

இன்று வியாழன். மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் மாடி வங்கிக்குப் போனேன். தூங்கக் கூடாது என்று நின்றுகொண்டே இருந்தேன். அங்கே இருந்தது ஒரே அதிகாரி. பாவம், கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வலியோடு என் பெயரை எழுதினார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தொழில் அப்படி. மாதிரியை அவர் பிடரிக்குக் கொடுத்தேன். "அட, நல்லாருக்கே... ரெண்டு நிமிஷம் இருங்க" என்றார். கண் மூடிக்கொண்டது. ஜன்னலில் வெயில் மஞ்சளாக வந்து மேசைமேல் படுத்தது. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள். அவர் மூச்சு ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எதிரே இருந்த நாற்காலி காலி என்பதும் கண்ணில் பட்டது. பிறகு துப்புரவு செய்பவர் வந்துதான் எங்கள் இருவரையும் எழுப்பினார். நேரம் முடிந்துவிட்டதாம். அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, மாதிரியை மட்டும் விலைக்குக் கேட்டார்.

மைத்துனரே, சிரிப்பாக எழுதிவிட்டேன், ஆனால் உள்ளுக்குள் பயமாக இருக்கிறது. நாளை நாலு மணிக்குள் கணக்கு எண் இல்லையென்றால் முந்நூறும் போயிற்று. வேலையை விட்டுவிட்டு வந்தவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவள் ஒரு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை. தினமும் காலையில், "இன்னிக்கு எந்த பேங்க்? அவசரப்படாம நிதானமா விசாரிச்சுட்டு வாங்க" என்று சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள். அந்தப் பொறுமைதான் என்னைக் கொல்கிறது. மூன்றில் எது சரியான வங்கி என்று நீங்களே முடிவு செய்து உடனே பதில் போடுங்கள். கடிதம் வந்துசேர நாலு நாள் ஆகும் என்பது தெரியும். நாளைக் காலைக்குள் கிடைக்கும்படி எழுதவும்.

வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. பெரியவர்கள் எங்களை ஆசீர்வதிக்கட்டும், சிறியவர்களுக்கு எங்கள் ஆசி. நீங்கள் நீண்ட நாள் நல்ல தூக்கத்தோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
விழித்திருக்க முயலும் உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். இவர் கடிதத்தை மடித்துத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தார். பிரித்துப் படித்தது தப்புதான். கணக்குத் திங்கட்கிழமையே தொடங்கியாகிவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனேன். இவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். இவர் முறை வந்து கூப்பிட்டார்கள், நான் போய் நின்றேன். கட்டணமும் தூரமும் ஒத்துவந்தது, அதற்குமேல் என்ன பார்க்க? கணக்கு எண்ணை அன்று மாலையே விடுதியில் கொடுத்துவிட்டேன். காவலாளியிடம், இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். புதன்கிழமை இவர் போட்ட சத்தத்துக்கு இன்று போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இவர் வீட்டில் இருந்தால் ஒரு நாளைக்கு எட்டுத் தலையணை தாண்டாது. இந்த நாலு நாளில் எண்பத்திரண்டு முடித்திருக்கிறேன். நாளைக்கும் ஏதாவது ஒரு வங்கிக்குப் போய்வரட்டும், சாயந்திரம் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். படிவத்தில் உரிமையாளர் என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பன்னிரண்டு வருஷம் யார் யார் பெயரோ போட்ட சட்டைகளைத் தைத்தவள் நான். பிறகு, அண்ணா, என் பெயரை எழுதினேன். இவர் பக்கத்திலேயேதான் இருந்தார். எழுப்பிக் காட்டியிருந்தால் சந்தோஷம்தான் பட்டிருப்பார். ஆனாலும் நான் எழுப்பவில்லை.