நானா அவர்கள் அளித்த பேட்டி

எங்கள் ஊர்த் தொலைக்காட்சி நிலையத்தில் செய்தி வாசிப்பவருக்கு மூன்று தகுதிகள் கட்டாயம். நீளமான பொய்முடி, மூக்கு வழியாக வரும் லண்டன் உச்சரிப்பு, பெரிய மனிதர் ஒருவரைப் பேட்டி எடுத்த அனுபவம். செய்தி புரிய வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

செர்வா, பிராகோ ஊர்ப் பேருந்து நிலையத்தில் கெங்கே என்ற புளித்த சோள உருண்டை விற்கும் அத்தா என்ற பெண்ணின் மகள். பள்ளி முடித்ததும் ஒலிபெருக்கி வண்டியில் உட்கார்ந்து தெருத்தெருவாகச் சாவு அறிவிப்புப் படித்தாள். அவள் குரலில் பெயர் வந்தால் போதும், இறந்தவருக்கு ஒரு மதிப்பு வந்துவிடும். அந்தக் குரலுக்காகத்தான் நிலைய இயக்குநர் டார்க்வா அவளைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். எடுத்ததும் முதல் வேலையாக அந்தக் குரலை மாற்றினார். பக்கத்து நகரமான குமாசியைத் தாண்டாத பெண், லண்டனில் பிறந்தவள் மாதிரி தக்காளி விலை படித்தாள். எங்களுக்குப் பாதி விளங்கவில்லை. ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாவது தகுதிதான் பாக்கி. மாதம் முடிவதற்குள் எங்கள் மன்னர் நானாவைப் பேட்டி எடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் சாவு அறிவிப்பு வண்டி.

சிக்கல் என்னவென்றால், நானா காலமாகிவிட்டார். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரண்மனை முறைப்படி அறிவிக்கும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நானா கிராமத்துக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். மீறினால் அபராதம் ஆடுகளும் சீமைச் சாராயமும். தினமும் காலையில் ஐஸ்கட்டி லாரி அரண்மனைக்குள் போகும். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டு, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொள்வோம்.

செர்வா தயங்கியபடி இயக்குநரிடம் போய் நின்றாள்.

"சார், நானாவைப் பேட்டி எடுக்க முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"காரணம் சொல்லக் கூடாதுங்க சார்."

"காரணம் இல்லேன்னா முடியும்னுதானே அர்த்தம்? போய் எடுத்துட்டு வா."

விதிப்படி அதில் தவறு காண முடியவில்லை.

அரண்மனையும் மறுக்கவில்லை, மறுத்தால் அங்கேயும் காரணம் கேட்பார்கள். பெரிய குடை விரித்து, அதன் கீழ் மன்னரின் முக்காலியைப் பட்டுத்துணி போர்த்தி வைத்தார்கள். உயிரோடு இருந்த காலத்திலும் நானா யாரிடமும் நேரே பேசியதில்லை. அவர் முணுமுணுப்பதை, பாடு என்ற அரண்மனைப் பேச்சாளர் காதில் வாங்கி, உரக்கச் சொல்வார். அன்றும் பாடு தங்கப்பூண் போட்ட கோலோடு நின்று, முக்காலிப் பக்கம் காதைச் சாய்த்தார்.

புதிய சந்தைக் கட்டடம் பற்றிச் செர்வா கேட்டாள். நானாவுக்குப் பரம திருப்தி என்றார் பாடு. மாவட்ட அதிகாரியின் சேவை பற்றிக் கேட்டாள். அதிலும் குறை ஒன்றும் இல்லையாம்.

"நானாவுக்கு உடம்பு எப்படி இருக்குங்க?"

பாடு கொஞ்சம் கூடுதல் நேரம் காது கொடுத்தார். "முன்ன மாதிரி அலைச்சல் இல்லேங்கறார். குளிர்ச்சியா இருக்காராம்."

செவ்வாய்க்கிழமை மாலை அது ஒளிபரப்பானது. ஊரே உட்கார்ந்து பார்த்தது. நானா இவ்வளவு தெளிவாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று மாவட்ட அதிகாரி பாராட்டுச் செய்தி அனுப்பினார்.

மறுவாரம் அரண்மனை மரணத்தை அறிவித்தது. இறந்ததாக அறிவித்த தேதி, பேட்டிக்கு ஆறு வாரம் முந்தியது.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அரண்மனை பொய் சொல்லாது. மாவட்ட அதிகாரி பாராட்டியதால் நிலையமும் பொய் சொல்லியிருக்காது. மிச்சம் இருந்தவள் செர்வா. அவளை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன், பேட்டியைக் கண்ணால் கண்ட சாட்சிகள் தேவைப்பட்டார்கள். ஊரைக் கூப்பிட்டார்கள். முதலில் வந்து நின்றவள் அத்தா.

"உங்க பொண்ணு எடுத்த பேட்டியைப் பாத்தீங்களாம்மா?"

"எங்கய்யா பாக்கறது? அன்னிக்கு கரண்டே இல்லியே."

அடுத்து வந்த முடிதிருத்துபவர் யோசித்தார். செத்தவர் பேசுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவனுக்கும் ஆடு அபராதம் உண்டு. தன் கடையிலும் இருட்டுதான் என்றார். அவருக்குப் பின் வந்த எல்லோர் வீட்டிலும் இருட்டு. கடைசியில் குழுத் தலைவருக்கே தான் மெழுகுவத்தி தேடியது ஞாபகம் வந்தது. மின்சார அலுவலகத்துக்காரர் மட்டும், அன்று எங்கும் மின்சாரம் நிற்கவில்லை என்று ஆரம்பித்தார்.

"அப்போ நீங்க பாத்தீங்க?" என்றார் தலைவர்.

அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பேட்டி எடுத்திருப்பதால் செர்வாவுக்குத் தகுதி உண்டு, யாரும் பார்க்காததால் குற்றம் இல்லை என்று குழு தீர்ப்பளித்தது. வேலை நிரந்தரமான அன்றே அவள் வாசித்த முதல் செய்தி, செவ்வாய்க்கிழமை மின்தடைக்காக மின்சார அலுவலகம் தெரிவித்த ஆழ்ந்த வருத்தம். லண்டன் உச்சரிப்பில்தான் வாசித்தாள். ஆனாலும் எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. மன்னித்துவிட்டோம் என்று தலையாட்டினோம்.

அந்த மாதத்தில் எங்கள் ஊரில் விளக்கு அணையாமல் எரிந்த மாலை, அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான்.