சலவை நீலத்தில் நித்திரை மருந்து

ஜாசின்,
வியாழக்கிழமை, 1956.

அன்புள்ள மைத்துனர் இராஜரட்ணத்துக்குக் கதிரேசு எழுதிக்கொள்வது. நான் நலம். நல்லூர்க் கந்தன் கிருபையால் நீரும் உம்முடைய மலாக்கா மருந்துக்கடையும் நலமென நம்புகிறேன். லாக்கப்பிலிருந்து எழுதுகிறேன் என்பதற்காகப் பதற வேண்டாம். விஷயம் முழுக்க என் கையில்தான் இருக்கிறது.

உம்முடைய அக்கா அன்னபாக்கியத்துக்கு மாதக்கணக்காக நித்திரை இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கலாமா? இந்தியாவில் மலேரியாவுக்கு மருந்து தேடியவர்கள், ஆந்த்ரனிலிக் அமிலத்திலிருந்து ஒரு பொருள் செய்து எலிக்குக் கொடுக்க, எலி அயர்ந்து தூங்கிவிட்டதாம், சஞ்சிகையில் படித்தேன். அவுரி நீலத்தைக் காரத்தில் காய்ச்சினால் அந்த அமிலம் வரும் என்பது பழைய புத்தகங்களிலேயே உண்டு. எங்கள் பெம்பான் ஊரில் அவுரிக்கு எங்கே போவது, அன்னபாக்கியம் என் வேட்டிக்குப் போடும் சலவை நீலம் இருந்தது, அவுரியில்லாமல் நீலம் வேறெதில் வரும் என்று அதையே காஸ்டிக் சோடாவில் காய்ச்சி, ரப்பர்ப்பால் உறைய வைக்கிற அமிலத்தை ஊற்றினேன், நீலம் வெளுத்தது, வெற்றி என்று நிமிர்ந்தால் தெருவெல்லாம் கூழ்முட்டை நாற்றம், பக்கத்து வீட்டு மீனம்மா "ஐயோ, குண்டு செய்றாருலா!" என்று கத்த, மாத்தா மாத்தா என்கிற மலாய்நாட்டுப் போலீஸார் லாரியோடு வந்துவிட்டார்கள்.

"மருந்து யாருக்கு? காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்கா?" என்றார் சார்ஜெண்ட் வடிவேலு.

"என் மனைவிக்கு."

"அந்தம்மா உங்கள என்னங்கய்யா பண்ணாங்க?"

மிச்சமிருந்த நீலத்தூளைப் பார்க்க இவர்கள் கூட்டிவந்த இளம் டாக்டர், சலவை நீலம் அவுரியே இல்லை, ஒருவகைக் கல்தூள், அமிலம் பட்டால் நாறும் என்கிறார். கல்லாகவே இருக்கட்டும், என் முறை சரி. அவசரகாலச் சட்டம் என்று மிரட்டுகிறார்கள். நீர் உடனே வந்து, நான் செய்யப் புகுந்தது நித்திரை மருந்துதான் என்று சாட்சி சொல்லி என்னை மீட்கவும். வரும்போது அசல் அவுரி நீலம் கொஞ்சம் கொண்டுவரவும். அன்னபாக்கியம் தூங்காமல் நான் ஓயப்போவதில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க.

இங்ஙனம்,
அன்பு அத்தான்,
கதிரேசு.

பி.கு.: உறையை ஒட்டுமுன் அன்னபாக்கியம் சோறு கொண்டுவந்தாள். முகம் தெளிந்திருந்தது. நான் இங்கே வந்த நாள்தொட்டு அடித்துப்போட்டாற்போல் நித்திரையாம். சார்ஜெண்ட் கொட்டாவி விட்டபடி வந்து, "அம்மா, ஐயா விடுற குறட்டையில ஸ்டேஷன்ல ஒருத்தரும் தூங்கல. கேஸும் வேணாம், ஒன்னும் வேணாம், கூட்டிட்டுப் போங்கலா" என்றார். அவள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, அவசரமொண்டும் இல்லை, ஆறுதலா வாங்கோ" என்று பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.